நீராவியா, டீசலா? ஞாயிறு மேட்டுப்பாளையம் வாங்க

வணக்கமுங்க. நீராவி எஞ்சின் உசத்தியா, டீசல் எஞ்சின் உசத்தியா என்று நம் ரயில் ரசிகர் குழுவில் மூன்று நாளாக ஓடும் சண்டைக்குச் சின்ன இடைவேளை. ஞாயிறு காலை 6.30க்கு மேட்டுப்பாளையம் ஸ்டேஷன் வாசலில் கூடுகிறோம். ஊட்டி ரயில் 7.10க்குக் கிளம்பும்.

அந்த ஒரே வண்டியில் இரண்டு கட்சிக்கும் இடமிருக்கிறது: குன்னூர் வரை நீராவி, அப்புறம் டீசல். கல்லாறு தாண்டினால் 12.5 அடிக்கு ஓர் அடி ஏற்றம். இரு தண்டவாளங்களுக்கும் நடுவில் எஞ்சினின் பல்சக்கரம் பிடித்து ஏற பல்தண்டவாளம், எஞ்சின் பின்னால் நின்று பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு ஏறும். அதற்கு நான்கு சிலிண்டர். சக்கரத்தை ஓட்டிவிட்டு வரும் நீராவியே பல்சக்கரத்தையும் சுற்றுகிறது. அந்தக் காலத்து ஆட்கள் எதையும் வீணாக்கவில்லை பாருங்கள்!

ஆனாலும் என் ஓட்டு ஈரோட்டு எஞ்சின் ஷெட்டின் ஆல்கோ டீசல் எஞ்சினுக்குத்தான். 16 சிலிண்டர், 2,600 குதிரைத்திறன். கிளம்பும்போது, எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் டர்போ வேகம் எடுக்கும்வரை கரும்புகை தள்ளும். அதைக் குறை என்பவர்கள் நேரில் வந்து சொல்லட்டும்.

வருபவர்கள் வெள்ளி இரவுக்குள் பெயர் கொடுத்துவிடுங்கள். போட்டோவுக்காகத் தண்டவாளத்தில் இறங்கக் கூடாது. டிபன் அவரவர் செலவுங்க.