கதவைக் கழற்றச் சொன்ன அந்த ஒரு வரி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன இதழில் போடிமெட்டு, சூரியநெல்லி பக்கம் ஜீப்பில் சுற்றிவிட்டு வந்து ஒருவர் எழுதிய பயணக் கட்டுரையைப் படித்தேன். கொழுக்குமலைச் சூரிய உதயத்தைப் பற்றி அழகாகவே எழுதியிருக்கிறார், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இரண்டாம் பக்கத்தில் ஒரு வரி. "சொந்த ஜீப் வைத்திருப்பவர்கள் கதவுகளைக் கழற்றி வைத்துவிட்டு மலையேறுங்கள், காற்றின் அருமை அப்போதுதான் தெரியும், இதில் சட்டச் சிக்கல் எதுவும் இல்லை" என்று போட்டிருக்கிறீர்கள். பக்கத்திலேயே ஒரு வண்ணப் படம். கதவில்லாத ஜீப்பின் இடது முன்சீட்டில் பத்து வயது மதிக்கத்தக்க ஒரு பையன், பெல்ட் போடவில்லை, ஒரு கால் வெளியே தொங்குகிறது. இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தேன், முடியவில்லை, அதனால் எழுதுகிறேன்.

நான் 1989-லிருந்து 22 வருடம் போடியில் ஜீப் ஓட்டியவன். முதலில் மகிந்திரா 540, அப்புறம் கமாண்டர். சுற்றுலா ஓட்டமில்லை, ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றுகிற ஓட்டம். விடிவதற்கு முன்னால் பெண்களை ஏற்றிக்கொண்டு 17 கொண்டை ஊசி வளைவும் ஏறி இடுக்கித் தோட்டங்களில் இறக்கிவிட்டு, சாயங்காலம் அதே வழியில் இறக்கிக்கொண்டு வரவேண்டும். எங்கள் ஊரில் இது எத்தனை வீட்டுக்குச் சோறு என்பது உங்களுக்குத் தெரியாததல்ல.

அந்த ஜீப்புகளில் கதவு கிடையாது. துணிக்கூரை போட்ட பழைய வண்டிகள் பலவற்றுக்குக் கம்பெனியிலிருந்தே இரும்புக் கதவு வராது, படுதாதான். கதவோடு வந்த வண்டியிலும் கழற்றிவிடுவார்கள், ஏனென்றால் கதவு இருந்தால் முன்சீட்டில் டிரைவரைத் தவிர இரண்டு பேர்தான் உட்கார முடியும், கழற்றினால் மூன்று பேர், இடுப்பு கொஞ்சம் வெளியே இருந்தாலும் பரவாயில்லை என்று நான்காவது ஆளையும் ஏற்றலாம். எஃப்.சி.க்கு, அதாவது வண்டியின் தகுதிச் சான்றுக்கு, போகிற நாளில் மட்டும் வேறு வண்டியின் கதவைக் கடன் வாங்கி மாட்டிக்கொண்டு போய்விட்டு, மறுநாள் திருப்பிக் கொடுத்ததைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

1997 ஐப்பசியில், மழை நாள், சாயங்காலம் இறங்கிக்கொண்டிருந்தேன். முன்சீட்டு ஓரத்தில் என் சின்னம்மா. கதவு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சங்கிலி, அதன் கொக்கி தேய்ந்துபோனது. எதிரே லாரி வந்தது, வலது பக்கம் திரும்புகிற வளைவு, ஒடித்தேன். இரண்டாவது கியர்தான், வேகம் இருபது கிலோமீட்டர்கூட இருக்காது. வண்டி வலது பக்கம் ஒடிந்தால் உள்ளே இருக்கிற ஆளின் உடம்பு இடது பக்கம் தள்ளப்படும், இதைப் புரிந்துகொள்ளப் பெரிய படிப்பு வேண்டாம், பஸ்ஸில் நின்றுகொண்டு போன எல்லோருக்கும் தெரியும். பஸ்ஸில் சாய்ந்துகொள்ளக் கம்பி இருக்கிறது. என் சின்னம்மாவுக்கு ஒரு சங்கிலிதான் இருந்தது, அதுவும் விட்டுவிட்டது. அவர் கத்தக்கூட இல்லை, திரும்பிப் பார்த்தால் சீட் காலியாக இருந்தது. பின்சக்கரம் ஒரு சாண் தள்ளிப் போனதால் உயிர் மிஞ்சியது. இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. அதற்கப்புறம் அவர் மலையேறவே இல்லை, கடைசிவரை ஏலக்காய்க் கடையில் தரையில் உட்கார்ந்து காய் தரம் பிரிக்கிற வேலைதான் பார்த்தார். வண்டி முதலாளி ஆஸ்பத்திரிச் செலவைக் கொடுத்துவிட்டு, "பிடித்து உட்கார வேண்டாமா" என்று கேட்டார். ஆஸ்பத்திரியில் கேட்டவர்களிடம் நானும் அதையேதான் சொன்னேன். அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

அடுத்த வாரம் பட்டறையில் அரைக்கதவு செய்து மாட்டலாம் என்றேன். ஒரு நடைக்கு ஒரு ஆள் கூலி குறையும் என்று மறுத்துவிட்டார். நான் வேறு வண்டிக்குப் போய்விட்டேன்.

இப்போது அந்தச் சட்டச் சிக்கல் இல்லை என்கிற பேச்சுக்கு வருகிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52 என்ன சொல்கிறது? பதிவுச் சான்றான ஆர்.சி.யில் உள்ள, தயாரிப்பாளர் குறித்துக் கொடுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில், கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில், உச்ச நீதிமன்றம் இதை இன்னும் அழுத்தமாகச் சொல்லிவிட்டது. அதே வருடம் வந்த திருத்தத்தில், அனுமதியில்லாத மாற்றம் செய்த உரிமையாளருக்கு மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, இரண்டும்கூடச் சேர்த்து, என்று 182ஏ பிரிவில் எழுதி வைத்திருக்கிறார்கள். துணிக்கூரையோடு, இரும்புக் கதவே இல்லாமல் பதிவான பழைய ஜீப் வேறு, கதவோடு பதிவான வண்டியில் போல்ட்டைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுச் சாலையில் இறங்குவது வேறு. உங்கள் கட்டுரை சொந்த வண்டிக்காரர்களுக்குச் சொல்வது இரண்டாவதை. அந்தப் பையனைப் பெல்ட் இல்லாமல் உட்கார வைத்ததற்குத் தனியாக 1,000 ரூபாய் அபராதம் உண்டு, 14 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கென்றே அதே திருத்தத்தில் சேர்த்தது. இதில் நாளைக்கு ஒரு விபத்து நடந்தால், காப்பீட்டுக்காரர்கள் தகராறு செய்வதற்குக் கழற்றி வைத்த கதவே போதும்.

வெளிநாட்டில் இப்படித்தான் ஓட்டுகிறார்கள் என்றும் அதே பத்தியில் இருந்தது. அமெரிக்காவில் ராங்ளர் ஜீப்பில் கதவைக் கழற்றலாம், உண்மைதான், அந்த வண்டியே அப்படிக் கழற்றுவதற்கென்று செய்தது. ஆனால் கதவைக் கழற்றிவிட்டுப் பொதுச் சாலையில் ஓட்டாதீர்கள், அது தருகிற பாதுகாப்பை இழப்பீர்கள், இது கரடுமுரடான பாதைக்கு மட்டும் என்று அந்தக் கம்பெனி கொடுக்கிற கையேட்டிலேயே எச்சரிக்கை இருக்கிறது. என் பேரன் அதைத் தன் போனில் எடுத்துப் படித்துக் காட்டினான். கதவோடு பக்கக் கண்ணாடியும் போய்விடும் என்பதால் அங்கே தனியாகக் கண்ணாடி வாங்கி மாட்டுகிறார்கள். உங்கள் படத்தில் இருக்கிற வண்டிக்கு இரண்டு பக்கமும் கண்ணாடி இல்லை. ஓட்டுகிறவர் பின்னால் வருகிற பஸ்ஸை எப்படிப் பார்ப்பார்? மகிந்திராவின் புது 'தார்' ஜீப்புக்கு 2020-ல் குளோபல் என்கேப் என்கிற அமைப்பின் மோதல் சோதனையில் 4 நட்சத்திரம் கிடைத்ததை எல்லோரும் பெருமையாகச் சொல்கிறார்கள், அது கதவு மாட்டிய வண்டிக்குக் கிடைத்தது.

கதவைக் கழற்றுவதில் ஒரு பிரயோஜனம் உண்டு என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். பாறை மேல் அங்குலம் அங்குலமாக ஏறும்போது தலையை வெளியே நீட்டிச் சக்கரம் எங்கே உட்காருகிறது என்று பார்க்க வசதி. நானும் தோட்டத்துக்குள்ளே மண்பாதையில் தனியாகப் போகும்போது அப்படி ஓட்டியிருக்கிறேன். ஆனால் அங்கே எதிரே லாரி வராது, பக்கத்தில் பிள்ளை உட்கார்ந்திருக்காது. வண்டி கவிழும்போது உள்ளே இருக்கிற ஆள் உள்ளேயே இருந்தால் பிழைக்க வழி இருக்கிறது. வெளியே விழுந்தால் தன் வண்டியே தன் மேல் விழும்.

இன்னொன்றும் மனதில் கிடக்கிறது, சொல்லிவிடுகிறேன். மூன்று வருடம் முன்னால் தோட்டத்து ஜீப்புகளில் பெண்கள் தொங்கிக்கொண்டு போவதைப் பற்றி உங்களுக்கு நீளமாக எழுதினேன். நான்கு வரி போட்டீர்கள், கதவைப் பற்றி எழுதிய பகுதி அதில் இல்லை. இடமில்லை என்று நினைத்துக்கொண்டேன், வருத்தப்படவில்லை. ஆனால் போன இதழில் கதவில்லாத ஜீப்புக்கு ஐந்து பக்கம் வண்ணத்தில் கொடுத்திருப்பதைப் பார்த்ததும் வருத்தம் வந்துவிட்டது. எங்கள் பெண்கள் வேறு வழியில்லாமல் உட்கார்ந்து போன இடம் அது. ஜீப் கவிழ்ந்தால் "தொழிலாளர்கள் காயம்" என்று ஓரத்தில் ஒரு சின்னப் பெட்டிச் செய்தி வரும், ஓட்டுநரின் அலட்சியம் என்று முடித்துவிடுவார்கள். கூடுதல் ஆள் ஏற்றச் சொன்ன முதலாளியை யாரும் கேட்பதில்லை. செக் போஸ்ட்டில் ஹெல்மெட் இல்லாத பையனை நிறுத்தி அபராதம் போடுகிற அதே இடத்தில், பதினைந்து பெண்களை ஏற்றிக்கொண்டு என் வண்டி எத்தனையோ நாள் நிற்காமல் போயிருக்கிறது. என்னை ஒரு நாளாவது நிறுத்தியிருந்தால் என்று இப்போதும் நினைப்பேன்.

உங்கள் பத்திரிகையை நான் ஜீப் ஓட்டத் தொடங்கின காலத்திலிருந்து வாங்குகிறேன். அதில் அச்சானால் எங்கள் தெருவில் அது சரியாகத்தான் இருக்கும் என்பார்கள். போன வாரம் பக்கத்து வீட்டுத் தம்பி, புதிதாக ஜீப் வாங்கியவர், அந்தப் பக்கத்தைக் காட்டி, "கதவைக் கழற்றலாமாம், பத்திரிகையிலேயே போட்டிருக்கு" என்றார். அவருக்கு இரண்டு சின்னப் பிள்ளைகள்.

ஆகவே நான் கேட்பது இதுதான். அடுத்த இதழில், கதவைக் கழற்றுவதில் சட்டச் சிக்கல் இல்லை என்று வந்த வரி தவறு என்று ஒரு திருத்தம் போடுங்கள், கடிதப் பகுதியில் போடாமல் அந்தப் பயணப் பகுதியிலேயே போடுங்கள், அங்கே படித்தவர்கள் அங்கேதான் பார்ப்பார்கள். என் கடிதத்துக்கு இடமில்லையென்றால் விட்டுவிடுங்கள், திருத்தம் வந்தால் போதும், அதை வெட்டிக் கொண்டுபோய் அந்தத் தம்பியிடம் கொடுத்துவிடுவேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஜீப் ஓட்டுநர்,
போடிநாயக்கனூர்.