பென்சில் கோடு இல்லாத பக்கம்

அன்புள்ள மகளுக்கு,

இங்கே மழை விட்டுவிட்டது. உன் அலமாரியை ஒழித்தபோது, கல்லூரி நாளில் நீ படித்த மேரி ஷெல்லியின் ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ நாவல் கிடைத்தது. சினிமா பார்த்துவிட்டு, அது பேசத் தெரியாத பூதத்தின் பெயர் என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தேன். பெயர் அதைச் செய்த விக்டர் ஃபிராங்கன்ஸ்டைனுடையது. அதற்கு ஒரு பெயர் வைக்கக்கூட அவனுக்கு மனம் வரவில்லை.

படிக்கப் போன இங்கோல்ஸ்டாட் நகரில் விக்டர் அதை உருவாக்க ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் ஊண் உறக்கமின்றி உழைக்கும் பக்கங்களில் நிறையக் கோடு போட்டிருக்கிறாய். ஆய்வுக்கூடமே கதியென்று கிடக்கும் உன்னை அந்தக் கோடுகளிலேயே பார்த்துவிட்டேன். ஜெனீவாவில் இருக்கும் அப்பாவுக்கு அவன் கடிதம் போடுவதில்லை. கடிதம் நின்றால் மற்றக் கடமைகளையும் கைவிட்டுவிட்டாய் என்றே கொள்வேன் என அந்தப் பெரியவர் முன்பே சொல்லியிருக்கிறார். நீ பேசி மூன்று வாரமாகிறது. நான் அப்படிக் கொள்ளவில்லை. சரி, கொஞ்சம் கொண்டேன்.

நவம்பர் மாத இரவில் அது கண் திறக்கிறது. இவன் பயந்து ஓடிப் போய்ப் படுத்துக்கொள்கிறான். அது கட்டில் திரையை விலக்கி, ஏதோ முனகி, கன்னம் சுருங்கச் சிரித்து, ஒரு கையை நீட்டுகிறது. இவன் எழுந்தோடி முற்றத்தில் விடியும்வரை நடக்கிறான். அங்கே உன் கோடு ஒன்றுகூட இல்லை. நான் அங்கேதான் நின்றுவிட்டேன்.

உனக்குச் சொன்னதில்லை. நீ எட்டாம் மாதத்தில் பிறந்தாய், ஒன்றரைக் கிலோ. இன்குபேட்டருக்குள் தோலில் நரம்பு தெரியக் கிடந்தாய். “உள்ளே கையை விடுங்கள், விரலைப் பிடித்துக்கொள்வாள்” என்றார் நர்ஸ். டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று வெளியே போனவன், மூன்று மணி நேரம் கேட்டருகே நின்றேன். உன் பாட்டி வந்துதான் சட்டையைப் பிடித்து இழுத்துப் போனாள்.

மேரி ஷெல்லி பிறந்த 11 நாட்களில் அவருடைய தாய் இறந்துவிட்டார். 1815இல் குறைமாதத்தில் பிறந்த அவருடைய முதல் பெண் குழந்தை இரண்டு வாரத்துக்குள் போய்விட்டது. குழந்தையை நெருப்பருகே தேய்த்துவிட்டதும் உயிர் வந்ததாகக் கனவு கண்டு, அதை நாட்குறிப்பில் எழுதி வைத்தார். மறு ஆண்டு, 18 வயதில், ஜெனீவா ஏரிக்கரையில் இந்தக் கதையைத் தொடங்கினார். விஞ்ஞானத்தைப் பற்றிய கதை என்று பலரும் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

விக்டரின் ஆசையைக் குறை சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. சாகும்போது, பேராசை வேண்டாம் என்று புத்தி சொன்ன மூச்சிலேயே, நான் தோற்றாலும் வேறொருவன் வெல்லலாம் என்கிறான். பொல்லாத பயல்! மறுநாள் காலை திரும்பிப் போய் அதை உட்காரவைத்துச் சோறு போட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை.

அது என்ன செய்கிறது பார். ஒரு குடிசையை ஒட்டிய கொட்டிலில் ஒளிந்து, சுவரிடுக்கு வழியே அந்த வீட்டாரைப் பார்த்துப் பேசக் கற்கிறது. இரவில் அவர்களுக்கு விறகு கொண்டுவந்து போடுகிறது. கண் தெரியாத டி லேசிப் பெரியவர் ஒருவர்தான் அதனிடம் மனிதரிடம் பேசுவதுபோலப் பேசுகிறார். அவர் மகன் வந்து தடியால் அடிக்கிறான்.

இப்போது அம்மா அகராதியும் கையுமாக அதைப் படிக்கிறாள். அந்தப் பெரியவர் கதவைத் திறக்கும் பக்கத்தில் இருக்கிறாள், “நல்ல மனுஷர்” என்கிறாள். மகன் வரப்போவதை நான் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை மாலை கூப்பிடு, அதற்குள் படித்திருப்பாள்.

அன்புடன்,
அப்பா