மூன்று சொல் போதும்

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

போன ஞாயிறு போனில், "அப்பா, நான்ஜிங்கில் பிரிட்ஜ் வாங்கும் செலவு எனக்கு மிச்சம், என் அறையே பிரிட்ஜ்தான்" என்றாய். அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். ஆனால் அன்று ராத்திரி, நீ விட்டுப்போன லியூ சியேயின் 'வென்சின் தியாவ்லோங்' மொழிபெயர்ப்பை எடுத்துப் புரட்டினேன். கி.பி. 500 வாக்கில் சீனத்தில் எழுதிய இலக்கியத் திறனாய்வு நூல், 50 அத்தியாயம். 15-ஆவது நகைச்சுவையும் மறைபொருளும் பற்றியது.

'நகைச்சுவை'க்கான சீன எழுத்தைப் பிரித்தால் ஒரு பாதி 'சொல்', மறுபாதி 'எல்லோரும்' என்கிறார். எளிய பேச்சு, ஊரே சிரிக்கும். ஆனால் அந்தச் சிரிப்பு உள்ளே கிடக்கும் மனக்குறையிலிருந்து பிறப்பது என்றும் சொல்கிறார். அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டேன். உன் பிரிட்ஜ் ஞாபகம் வந்துவிட்டது.

மறுநாள்தான் மிச்சம் படித்தேன். சின் வம்சத்து இரண்டாம் பேரரசனுக்குக் கோட்டை மதில் முழுக்க அரக்குப் பூச ஆசை. விதூஷகன் யோ ஜான், "பிரமாதம்! வழவழப்பில் எதிரி ஏறவே முடியாது. ஒன்றுதான் சிக்கல், அரக்கு நிழலில்தான் காயும். மதில் அளவுக்கு ஒரு கூடம் கட்ட வேண்டுமே" என்றானாம். அரசன் சிரித்து, அதோடு விட்டுவிட்டான். இப்படிப்பட்ட சிரிப்பென்றால் லியூ சியேவுக்கு உயிர். ஒருவரின் மூக்கை முட்டைக்கு ஒப்பிட்ட கேலியெல்லாம் அவருக்கு ஆகாது. மனிதர் கொஞ்சம் சிடுமூஞ்சி. மூக்கைப் பார்த்துச் சும்மா சிரித்தால்தான் என்ன?

எனக்குப் பிடித்தது மீன் கதை. சி நாட்டுப் பிரபு தியென் யிங் தன் ஊர் சுவேக்கு மதில் எழுப்பக் கிளம்பினார். யார் புத்தி சொன்னாலும் கேட்பதில்லை, வாசலிலேயே தடை. ஒருவன் வந்து, "மூன்றே சொல். நாலாவது சொன்னால் என்னைக் கொப்பரையில் போட்டு வேகவையுங்கள்" என்றான். "கடல். பெரிய. மீன்." சொன்னதும் திரும்பி ஓட்டம்! பிரபுவால் தாங்க முடியவில்லை, கூப்பிட்டு மிச்சத்தையும் சொல்லச் சொன்னார். பெரிய மீனை வலை தடுக்காது, தூண்டில் இழுக்காது. தண்ணீரை விட்டுத் துள்ளி விழுந்தால் எறும்புக்கு இரை. உங்களுக்குத் தண்ணீர் சி நாடு, அது போனால் மதில் வானத்தைத் தொட்டாலும் பயனில்லை என்றான். மதில் வேலை நின்றது.

உன் கணக்கில் கொஞ்சம் பணம் போட்டிருக்கிறேன். ஹீட்டர் வாங்கு, புத்தகம் வாங்கிவிடாதே. வெயில் வந்ததும் ஜோங் மலைப்பக்கம் ஒரு நடை போய் வா. லியூ சியே இருந்த திங்லின் மடம் அங்கேதான் இருந்தது. எழுதி முடித்ததைப் பெரும்புலவர் ஷென் யுவேயிடம் காட்ட வழி தெரியாமல், கூவி விற்பவனைப் போல அவர் வண்டிக்கு முன்னால் சுமந்துகொண்டு நின்ற மனிதர். உன் பேராசிரியர் ஆய்வைத் திருப்பித் தந்ததையும் நீ சிரித்துக்கொண்டேதான் சொன்னாய்.

நானும் மூன்று சொல்லோடு முடிக்கிறேன். "எப்போது வருகிறாய் என்று பிள்ளையைப் பிடுங்காதீர்கள்" என்று உன் அம்மாவின் உத்தரவு. நாலாவது சொல் எழுதினால் கொப்பரையை அவளே அடுப்பில் ஏற்றிவிடுவாள்.

முற்றத்து மாமரம் பூத்திருக்கிறது.

அப்பா