பெக் மெஷர் இல்லாத விருந்து

ஆசிரியருக்கு,

கொண்டாட்டக் காலம் வந்தால் 'அளவோடு குடியுங்கள்' என்ற அறிவுரையும் கூடவே வந்துவிடுகிறது. எத்தனை மில்லி, எவ்வளவு நேரத்துக்குள் என்று மட்டும் யாரும் சொல்வதில்லை. சொல்வதும் குடிப்பவரிடம்தான். வீட்டு விருந்தில் அளவு பெரும்பாலும் பாட்டிலைப் பிடித்திருப்பவர் கையில் இருக்கிறது. ஆகவே இந்தக் கடிதம் விருந்து வைப்பவர்களுக்கு.

கணக்கு எளிது. மில்லியைச் சதவீதத்தால் பெருக்கி, 100-ஆல் வகுத்து, 0.79-ஆல் பெருக்கினால் எத்தனை கிராம் ஆல்கஹால் என்பது தெரிந்துவிடும். 40 சதவீத விஸ்கியோ ரம்மோ 30 மில்லி என்றால் சுமார் 9.5 கிராம். 12 சதவீத ஒயின் 150 மில்லியில் 14 கிராம். 5 சதவீத பீர் அரை லிட்டரில் ஏறக்குறைய 20 கிராம். அதே அரை லிட்டர் 8 சதவீத ஸ்ட்ராங் பீராக இருந்தால் 31 கிராமைத் தாண்டும், அதாவது மூன்று சின்ன பெக்குக்கும் (பெக் ஒன்று 30 மில்லி) மேல். 'பீர்தானே' என்று இரண்டாவது கேனைத் திறப்பவர் லேபிளில் அந்தச் சதவீதத்தை ஒருமுறை பார்ப்பது நல்லது.

அளக்காமல், கண் மதிப்பில் ஊற்றுவதுதான் முதல் தவறு. அகலமான குட்டைக் கிளாஸில் 45 மில்லி ஊற்றினாலும் கண்ணுக்கு 30 போலத்தான் தெரியும். ஐஸ் போட்ட பிறகு ஊற்றினால் மட்டமே தெரியாது. எனவே காலிக் கிளாஸில் முதலில் பெக் மெஷரால், அதாவது மது அளக்கும் சின்னக் கிண்ணத்தால், அளந்த மது, அடுத்து ஐஸ், கடைசியில் சோடாவோ தண்ணீரோ. பாதி குடித்த கிளாஸில் மேலே ஊற்றவே கூடாது. உபசரிப்பாகத் தெரிந்தாலும், அந்த நொடியிலிருந்து எத்தனை பெக் ஆயிற்று என்பது குடிப்பவருக்கும் தெரியாது, ஊற்றியவருக்கும் தெரியாது.

பெரிய பாத்திரத்தில் கலக்கி வைக்கும் பஞ்ச் இன்னும் மோசம்; இனிப்பு மதுவின் காரத்தை மறைத்துவிடும். வைத்தே தீர வேண்டுமென்றால், 750 மில்லி 40 சதவீத மதுவுக்கு 3 லிட்டர் ஜூஸ் சேருங்கள். மொத்தம் 8 சதவீதம் வரும். 200 மில்லி கோப்பை ஒன்றில் 12 முதல் 13 கிராம். தீரும்போது இதே விகிதத்தில் புதிதாகக் கலக்க வேண்டும். 'சப்பென்று இருக்கிறதே' என்று யாரோ ஒருவர் அரை பாட்டிலை உள்ளே கவிழ்ப்பதில்தான் வினையே தொடங்குகிறது.

கல்லீரல் மணிக்குச் சுமார் 7 முதல் 10 கிராம் வரைதான் கரைக்கும். காபி, எலுமிச்சைச் சாறு, குளிர்ந்த நீரில் குளியல் எதுவும் அந்த வேகத்தைக் கூட்டாது. இரவு 9 மணிக்குத் தொடங்கி ஆறு பெக் குடித்தவரை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொன்றும் சரியாக 30 மில்லி என்றால் 57 கிராம். கரைந்து முடிய அதிகாலை 5 மணி வரை ஆகலாம். கைக்கு வந்தபடி 45 மில்லியாக ஊற்றியிருந்தால் 85 கிராம். மறுநாள் காலை 9 மணி வரைகூட இழுக்கலாம். இரவு ஆட்டோவில் போய்விட்டு, காலை 7 மணிக்கு வண்டி எடுக்க வருபவர் தெளிவாகத்தான் பேசுவார். அவர் ரத்தத்தில் ஆல்கஹால் மிச்சமிருக்கக்கூடும்.

வெறும் வயிற்றில் மது சிறுகுடலுக்குச் சீக்கிரம் இறங்கி, சீக்கிரம் தலைக்கேறும். அதனால் சாப்பாட்டைக் கடைசியில் வைக்கும் வழக்கம் தலைகீழானது. முதல் கிளாஸுக்கு முன்பே முட்டை, இறைச்சி, பருப்பு என்று வயிற்றில் தங்கும் உணவு போக வேண்டும். உப்பும் காரமுமான சைடிஷ் தாகத்தைக் கிளப்பி அடுத்த கிளாஸைக் கேட்க வைக்கும். ஒவ்வொரு மேசையிலும் தண்ணீர் இருக்கட்டும். எனர்ஜி டிரிங்க் கலக்காதீர்கள். அதிலுள்ள காஃபின் அசதியை மறைக்கும், போதையைக் குறைக்காது. ஆள் விழித்துக்கொண்டு இன்னும் குடிப்பார். சர்க்கரை இல்லாத டயட் பானத்துடன் கலந்தால், சர்க்கரை உள்ளதைவிட வேகமாக ஏறும்.

வேண்டாம் என்பவரிடம் காரணம் கேட்காதீர்கள். தூக்க மாத்திரை, அலர்ஜி மாத்திரை, சர்க்கரை நோய்க்கான இன்சுலின், வெளியில் சொல்லாத கர்ப்பம் என்று எதுவாகவும் இருக்கலாம். 'எனக்காக ஒன்றே ஒன்று' என்று கையில் திணிப்பதற்கு அன்பு என்று பெயர் வைத்திருக்கிறோம். அவருக்கான ஜூஸை அதே நல்ல கிளாஸில், அதே தட்டில் கொண்டுவாருங்கள், கேள்வியே எழாது. நாக்கு குழறத் தொடங்கியவரிடம் 'உங்களுக்குப் போதும்' என்று சபையில் சொன்னால் சண்டைதான். அடுத்த ரவுண்டைத் தாமதப்படுத்தி, இடையில் சாப்பாட்டைக் கொடுத்து, தனியே அழைத்துப் பேசலாம். வண்டிச் சாவியை வரும்போதே வாங்கி வைத்தால் கிளம்பும்போது மல்லுக்கட்ட வேண்டியதில்லை.

மயங்கிக் கிடப்பவரைத் 'தூங்கட்டும், தெளிந்துவிடும்' என்று அறையில் விட்டுக் கதவைச் சாத்துவதுதான் உயிரைப் பறிக்கும் தவறு. கடைசியாகக் குடித்தது வயிற்றில் இருக்கும். படுத்த பிறகும் அரை மணி, ஒரு மணி நேரத்துக்குப் போதை ஏறிக்கொண்டே போகலாம். மல்லாந்து கிடந்தால் வாந்தி மூச்சுக்குழலில் இறங்கும். ஒருக்களித்துப் படுக்க வைத்து, மேல்காலை மடக்கி, தலையைச் சற்றுப் பின்னால் சாய்த்து, வாயைத் தரைப்பக்கம் திருப்பி, ஒருவர் அருகிலேயே இருக்க வேண்டும். விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. வாயில் எதையும் ஊற்றவும் கூடாது. தட்டி எழுப்பியும் எழவில்லை, மூச்சு நிமிடத்துக்கு 8-க்கும் குறைவு, இரு மூச்சுக்கிடையே 10 விநாடிக்கு மேல் இடைவெளி, உதடு நீலம், உடம்பு சில்லென்று இருக்கிறது: இவற்றில் ஒன்று இருந்தாலே ஆம்புலன்ஸை அழையுங்கள்.

இன்னொன்று. மிச்சம் வைத்த கிளாஸ்களை அன்றிரவே கழுவிக் கவிழ்த்துவிடுங்கள். காலையில் முதலில் எழுவது குழந்தைகள். இனிப்பாக இருக்கிறதென்று சில மடக்கு குடித்தாலே சிறு குழந்தைக்கு ரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடக்கூடும்.

இப்படிக்கு,
விருந்துகளில் மது பரிமாறும் பணியாளர்கள்