முகத்துவாரத்து வழக்கு

கல்லடி,
மட்டக்களப்பு.

அன்பு மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்தது என்று வாசித்ததும் எனக்கும் ஒரு நிம்மதி. இங்கே எல்லோரும் சுகம். சின்ன மகளுக்கு வைகாசியில் பெண்பிள்ளை பிறந்தது. பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கப் பால்சுறா தேடி மூன்று நாள் அலைந்தேன். அதைப் பற்றி மறுகா எழுதுகிறேன்.

முதலையும் சுறாவும் சண்டை பிடித்தால் எது வெல்லும் என்று உன் பேரன் கேட்டானாம். அதை நீ எனக்கு எழுதின காரணம் எனக்குத் தெரியும் மச்சான். மட்டக்களப்பு வாவியின் மண்முனைத்துறையில் பாதை என்கிற மிதவைப் படகு ஓடின காலத்தில், அதன் விளிம்பில் குந்திக்கொண்டு நாம் பேசின வழக்குத்தானே இது! நீ சுறாக் கட்சி, நான் முதலைக் கட்சி. கிழக்கே எழுவான்கரையில் தொடங்கினால் மேற்கே படுவான்கரையில் இறங்கும்வரை ஓயாது. 2014இல் பாலம் திறந்ததோடு பாதையும் போய்விட்டது. வழக்கு மட்டும் அப்படியே கிடக்கிறது.

இப்போது என் தீர்ப்பைச் சொல்கிறேன். வாவிக்குள் முதலைதான். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

போன புரட்டாதியில் படுவான்கரை வயலுக்குப் போனேன். விடியப்புறம், தண்ணீர் கண்ணாடி மாதிரிக் கிடந்தது. ஓரமாக இரண்டு தேங்காய்ப் பொச்சு மிதக்கிறது என்றுதான் நினைத்தேன். எருமைக் கன்று ஒன்று குனிந்து வாய் வைத்தது. அவ்வளவுதான். சத்தம்கூடப் பெரிதாக வரவில்லை. கன்றைக் கவ்விய முதலை கடித்துக் குதறவே இல்லை. பிடித்த பிடியோடு ஆழத்துக்கு இழுத்துத் தன் உடம்பையே திருகணை மாதிரிச் சுழற்றியது. வெள்ளை வயிறு ஒருதரம், கறுத்த முதுகு ஒருதரம், மறுபடி வெள்ளை வயிறு. பிறகு சேறு கலங்கின தண்ணீர் மட்டும்தான். மூர்க்கனும் முதலையும் கொண்டது விடா என்று அம்மா சொல்லும்போது அது வெறும் பேச்சு என்றிருந்தேன்.

இந்தச் சுழற்சிதான் சுறாவுக்கு எமன். பல சுறா இனங்களை மல்லாத்திப் பிடித்தால் அவை மரத்துப்போய் அசையாமல் கிடக்கும். கடியின் வலுவையும் பார். 2012இல் அமெரிக்க விஞ்ஞானிகள் உயிருள்ள உவர்நீர் முதலையின் கடியை அளந்தபோது 3,700 இறாத்தல் வந்தது, கிட்டத்தட்ட 1,680 கிலோ. ஆற்றுக்குள்ளும் ஏறிவருகிற ‘புல் ஷார்க்’ என்ற தடித்த சுறாவுக்கு, ஒன்பது அடி வளர்ந்ததுக்கும், 600 கிலோ அளவுதான் கணக்கிட்டிருக்கிறார்கள். வாவி மாதிரி ஆழம் குறைந்த இடத்தில் அந்தச் சுறா முதலையிடம் அகப்பட்டால் மீளாது.

இதற்கு உண்மையான சாட்சியும் உண்டு. 2014 ஆவணியில் வட அவுஸ்திரேலியாவின் அடிலெய்ட் ஆற்றில், ஐந்தரை மீற்றர் நீளமான கிழட்டு முதலை ஒன்று வாயில் ஒரு சுறாவோடு கிடந்ததைப் படகில் போனவர்கள் படம் பிடித்தார்கள். ஆனால் மச்சான், உன் கட்சிக்கும் அதில் ஒரு பங்கு இருக்கிறது. அந்த முதலைக்கு ஒரு முன்கால் இல்லை. அதைக் கடித்துக்கொண்டு போனது ஒரு சுறாதான் என்று அந்த ஊரார் சொல்வார்களாம்.

அதனால்தான் இத்தனை வருசத்துக்குப் பிறகு பாதி வழக்கை உனக்கு விட்டுத் தருகிறேன். முகத்துவாரம் தாண்டிக் கடலுக்கு வா. முதலைக்கு அங்கே போகத் தெரியும். நாக்கில் உப்பைக் கழிக்கிற சுரப்பி இருக்கிறது. அவுஸ்திரேலியாவில் ஒன்று நீரோட்டத்தோடு 25 நாளில் 590 கிலோமீற்றர் கடலில் போயிருக்கிறது. ஆனால் போவது வேறு, சண்டை பிடிப்பது வேறு. ஆழ்கடலில் முதலைக்குக் கால் ஊன்ற நிலமில்லை, மூச்செடுக்க மேலே வந்தே ஆகவேண்டும். முதுகில்தான் எலும்புத் தகடு, வயிறு மெது. சுறாவோ கீழேயிருந்து வரும், செவுளால் மூச்சு விடும், பல் வாள் மாதிரி அறுக்கும். ஆறு மீற்றர் வரை வளர்கிற வெள்ளைச் சுறா அப்படி வந்தால், முதலைக்குத் திரும்பிப் பார்க்கவும் நேரமிராது. அங்கே நீதான் வென்றாய்.

நம் முன்னோருக்கும் இந்த வழக்குத் தீரவில்லைபோல. மகரம் என்ற சொல்லுக்குச் சுறா என்றும் பொருள், முதலை என்றும் பொருள்.

ஆனால் எனக்கு மனதில் கிடக்கிறது வேறு மச்சான். பால்சுறா தேடி அலைந்தேன் என்றேனே. நாம் பெடியன்களாக இருந்தபோது கரையில் சுறாச் செட்டை காயாத நாள் உண்டா? இப்போது அந்த வாடையே இல்லை. சுறா மற்ற மீன் மாதிரி இலட்சக்கணக்கில் முட்டை போடுவதில்லை. சில குட்டிகள்தான், அதுவும் பல வருசம் வளர்ந்த பிறகு. செட்டைக்காக அள்ளிக்கொண்டே போனால் எங்கே மிஞ்சும்? வால் நீளமான சுறா இனத்தைப் பிடிக்கக் கூடாதென்று 2012இல் சட்டம் வந்தது, நல்லதுதான். மூன்றாம் நாள் கிடைத்த பால்சுறா ஒரு முழம்கூட இல்லை. கையில் எடுத்தபோது தோல் அரம் மாதிரி உரசியது. வறைக்கு உதிர்க்கும்போது மகளிடம் ஒன்றும் சொல்லவில்லை.

முதலை அப்படி இல்லை, அது இன்னும் நம் காலடியில்தான் கிடக்கிறது. 2017 புரட்டாதியில் அறுகம்குடாப் பக்கம் ஓர் இளம் ஆங்கிலேயப் பத்திரிகையாளரை முதலை கொண்டுபோனது கடலில் அல்ல, களப்பில். அலை விளையாட வந்த பிள்ளை. கடலைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் அந்த அமைதியான தண்ணீரைப் பார்த்துப் பயப்படுவதில்லை. இதைப் பேரனுக்குக் கட்டாயம் சொல்லு.

மார்கழி லீவுக்கு வருவதென்றால் முன்கூட்டியே எழுது. பேரனையும் கூட்டி வா. மண்முனைப் பாலத்தில் நின்று பழைய துறையைக் காட்டலாம். தண்ணீரில் கால் வைக்க மட்டும் விடமாட்டேன்.

இப்படிக்கு,
உன் மச்சான்