செக்குக்கு முன்னும் பின்னும்: பொது உலர்த்தியும் சோதனை மேசையும் கோரி மனு

பெறுநர்: மாவட்ட ஆட்சித்தலைவர் அவர்கள், திருப்பூர் மாவட்டம்.

அனுப்புநர்: மரச்செக்கு எண்ணெய் உற்பத்தியாளர்கள், காங்கயம், வெள்ளக்கோவில், முத்தூர் வட்டாரம்.

பொருள்: கொப்பரை காயவைக்கும் பொது உலர்த்தி, எண்ணெயை வடிகட்டும் ஃபில்டர் பிரஸ், எண்ணெய்ச் சோதனை மேசை அமைத்துத் தரக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு வணக்கம்.

செக்கு வாங்கக் கடனும் மானியமும் கிடைக்கின்றன. ஆனால் எங்கள் தேங்காய் எண்ணெய்ச் சரக்கு கெடுவது செக்கில் அல்ல. அதற்கு முன்னும் பின்னும்தான்.

பச்சைத் தேங்காயில் ஏறக்குறைய பாதி தண்ணீர். ஈரம் 6 சதவீதத்துக்கு இறங்கினால்தான் கொப்பரைப் பருப்பு ஆட்டத் தோது. வெயில் காலத்தில் களத்திலேயே ஒரு வாரத்தில் காய்ந்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் தார்ப்பாயை மூடுவதும் பிரிப்பதுமாக இருக்கையில் பூசணம் பிடித்துவிடுகிறது. அதற்குப் பயந்து கந்தகப் புகை போடுவோரும் உண்டு. மேலே வெளுப்பாகத் தெரியும், உள்ளே ஈரம் நிற்கும். கையால் ஒடித்துப் பார்த்து வாங்குகிறவருக்கு 6 சதவீதமா 9 சதவீதமா என்று பிடிபடாது.

ஈரப் பருப்பை ஆட்டினால் எண்ணெய் கலங்கும். மூன்று நாள் வெயிலில் தெளிய வைத்தாலும் நுண்கசடு மிதக்கும். அதோடு பாட்டிலில் அடைத்தால், ஈரமும் கசடும் சேர்ந்து கொழுப்பைச் சிதைத்து அமிலத்தைக் கூட்டும். கடை அலமாரியில் சிக்கு வாடை அடிக்கும். உணவுப் பாதுகாப்பு விதிப்படி தேங்காய் எண்ணெயின் அமில எண் (எண்ணெயில் பிரிந்து நிற்கும் அமிலத்தைக் காட்டும் அளவு) 6-ஐத் தாண்டக் கூடாது. மாதிரியை வெளியூர் ஆய்வகத்துக்கு அனுப்பி அறிக்கை வருவதற்குள் அந்த ஈட்டில் ஆட்டிய எண்ணெய் விற்றே போயிருக்கும். சொட்டாக அளந்து விடும் பியூரெட் குழாய், ஆல்கஹால், காரக்கரைசல், நிறம் மாறிக் காட்டும் ஃபீனால்ஃப்தலீன் சொட்டு இருந்தால் அமில எண்ணை உள்ளூரிலேயே சில நிமிடங்களில் பார்த்துவிடலாம்.

ஆகவே ஒழுங்குமுறை விற்பனைக் கூட வளாகத்தில் இடம் ஒதுக்கி, தட்டு அடுக்கிய சூடேற்றும் உலர்த்தி ஒன்று, ஈரப்பத மீட்டர்கள், ஃபில்டர் பிரஸ், எடை பார்த்து நிரப்பும் மெஷின், சோதனை மேசை ஆகியவற்றை அமைத்துத் தர வேண்டுகிறோம். எடை பார்த்து என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சூடான எண்ணெயைப் பாட்டிலின் அளவுக் கோடு பார்த்து நிரப்பினால், ஆறியதும் சுருங்கி அளவு குறையும். லேபிளில் லிட்டர் போட்டவர் எடையளவு ஆய்வில் மாட்டிக்கொள்வார். ஒரு லிட்டருக்கு இத்தனை கிராம் என்று எடைக் கணக்கு வைத்தால் அளவு பெரும்பாலும் குறையாது. ஃபில்டர் பிரஸ்ஸை வெதுவெதுப்பான அறையில் வைக்க வேண்டும். மார்கழிக் குளிரில் எண்ணெய் உறைந்து அதன் வடிகட்டும் துணியை அடைத்துவிடும்.

புதுக் கட்டடம் கேட்கவில்லை. கட்டடத்தில் பணம் தீர்ந்தால் மெஷின் பெட்டியோடு கிடக்கும். எங்களுக்கு முக்கியம் ஆள்தான்: வேதியியல் படித்த ஒருவர், மெஷின் ஓட்ட ஒருவர். கிலோவுக்கு இவ்வளவு என்று கட்டணம் வைத்தால் கூலி, கரண்ட் பில், துணி மாற்றும் செலவு ஆகியவற்றைப் பயனாளிகளே ஏற்போம்.

பிரதமரின் உணவு பதப்படுத்தும் குறுநிறுவனங்கள் திட்டத்தில் பொது வசதிகளுக்கு 35 சதவீத மானியத்துக்கு வழி உள்ளது. மாவட்டத் தொழில் மையம் திட்ட அறிக்கை தயாரிக்க உதவினால், இந்த ஐப்பசி மழைக்கு முன் உலர்த்தியை மட்டுமாவது ஓட்டிவிடலாம்.

இப்படிக்கு,
வட்டார மரச்செக்கு எண்ணெய் உற்பத்தியாளர்கள்