மவுஸைத் தொடாமல்

கொழிஞ்சாம்பாறை

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. இங்கே ஆடிக் காற்று. கம்பியில் தென்னை மட்டை விழுந்து கரண்ட் போவதும் வருவதுமாக இருக்கிறது.

இத்தனை மியூசிக் சாஃப்ட்வேர் இருக்க, தனி ஆளாக உட்கார்ந்து இன்னொன்று எழுதுவது எதற்கு என்று கேட்டிருந்தாய். கொல்லங்கோட்டில் ஒரு ஆர்மோனியக்காரர் இருக்கிறார், பிறவியிலேயே பார்வை இல்லை. லேப்டாப்பில் என்விடிஏ வைத்திருக்கிறார். ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற ஒருவரே 2006ல் எழுதத் தொடங்கிய இலவச ஸ்கிரீன் ரீடர் அது, திரையில் இருப்பதை வாய்விட்டுப் படிக்கும், தமிழும் படிக்கும். மெயில், பேங்க் வேலை எல்லாம் அவரே பார்த்துக்கொள்வார். மெட்டுப் போட உட்கார்ந்தால் மட்டும் பக்கத்தில் ஒரு ஆள் வேண்டும். அந்த சாஃப்ட்வேர்களில் பாதி, மவுஸால் திருகுகிற குமிழ்ப் படங்கள். படத்துக்குப் பின்னால் பெயர் எழுதி வைக்காவிட்டால் ஸ்கிரீன் ரீடர் எதைப் படிக்கும்? இது எனக்குப் பொறுக்கவில்லை. அவருக்கு ராகம் தெரியும், தாளம் தெரியும், விரலும் பழகிய விரல்.

அதனால்தான் டிராக்கர் வழிக்குப் போனேன். 1987ல் அமிகா கம்ப்யூட்டருக்காக கார்ஸ்டன் ஓபார்ஸ்கி எழுதிய அல்டிமேட் சவுண்ட்டிராக்கர் என்ற மியூசிக் சாஃப்ட்வேரிலிருந்து வருகிற வழி. ஸ்வரங்கள் எழுத்தாகவே மேலிருந்து கீழே வரிவரியாக இறங்கும். எழுத்து என்றால் வாய்விட்டுப் படிக்க வைக்கலாம். அம்புக்குறியை நகர்த்தினால் அந்த இடத்து ஸ்வரத்தைச் சொல்லும், பாட்டு ஓடும்போது வாய் திறக்காது.

டிராக்கர் வழக்கப்படி கீழ் வரிசையில் இசட் தான் ஸட்ஜம். இசட், எஸ், சி, வி, பி (B), எச், எம் என்று அடித்துப் பார், மாயாமாளவகௌளை வரும். தமிழ்99 என்ற தமிழ் கீபோர்டு முறை ஆன் ஆகியிருந்தாலும் மாறாது. எந்த எழுத்து வந்தது என்று பார்க்காமல் எந்த இடத்தில் விரல் பட்டது என்றுதான் பார்க்கிறேன். தாமதத்தைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, மிருதங்கக்காரனுக்குக் கை சொல்லும். நொடிக்கு 48,000 சாம்பிள், அதாவது சத்தத்தின் சின்னத் துணுக்குகள், ஓடும்போது 256 சாம்பிளாக எடுத்துக் கொடுத்தால், அந்தப் படியில் 5 மில்லி செகண்டுக்குச் சற்று மேல்தான் தாமதம். ப்ளூடூத் ஹெட்ஃபோன் மட்டும் வேண்டாம், கை ஒரு பக்கம் தாளம் ஒரு பக்கம் போய்விடும்.

எனக்கு ரொம்பப் பிடித்த வேலை தாளக் கணக்குதான். ப்ரோடிராக்கர் என்ற பழைய டிராக்கரில் ஒரு பேட்டர்னுக்கு, அதாவது பாட்டின் ஒரு துண்டுக்கு, 64 வரி. இந்தப் பக்கத்து உற்சவங்களில் பஞ்சாரி மேளம் கேட்டிருக்கிறாயே, முதல் காலம் 96 அட்சரம், அப்புறம் 48, 24, 12, கடைசியில் 6. அதைக் கொண்டுபோய் 64ல் எப்படி அடைப்பது? அதனால் எத்தனை வரி வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். கண்ட நடைக்கு ஒரு அட்சரத்தை 5 வரியாகப் பிரி, மிஸ்ரத்துக்கு 7, அவ்வளவுதான். நம் நடைகளுக்கு இவ்வளவு சுலபமாக வளைந்துகொடுக்கும் முறை வேறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

ஸ்வரத்தை அசைத்து வளைக்கிற கமகம் இன்னும் திருப்தியாக வரவில்லை. ஸ்வரத்தை இழுக்கத் தனிப் பத்தி இருக்கிறது, ஆனால் தோடி காந்தாரத்தை எண்களில் எழுதுவது பெரும்பாடு. அது நடக்கட்டும்.

உன்னிடம் ஒரு வேலை கேட்கிறேன். மிருதங்கத்தில் தத், தித், தொம், நம், சாப்பு என்ற அடி ஒவ்வொன்றையும் மெல்ல, நடுத்தரமாக, ஓங்கி என்று தனித்தனியே வாசித்துப் பதிவு செய்து தா. கம்ப்யூட்டர் கீபோர்டுக்கு எவ்வளவு அழுத்தி அடித்தோம் என்று தெரியாது. பலத்தை எண்ணாகத்தான் கொடுக்க வேண்டும், அந்த எண்ணுக்கு ஏற்ற சத்தம் கையில் இருக்க வேண்டும். ஃபேனை அணைத்துவிடு, எக்கோ எதுவும் சேர்க்காதே. ஓணத்துக்கு வரும்போது பென்டிரைவில் கொண்டுவா, கொல்லங்கோட்டுக்குச் சேர்ந்தே போய் அவர் லேப்டாப்பில் ஏற்றிவிட்டு வருவோம்.

அன்புடன்,
உன் மச்சான்